சலக்கடுப்பும் தேங்காய்ப்பூக்கீரையும்

கொழும்பு வெள்ளவத்தையில் வெயில் ஏறும் ஏப்ரல் மாதத்தில் வீட்டில் எவருக்கேனும் சலக்கடுப்பு, அதாவது சிறுநீர் கழிக்கையில் எரிவு, வந்துவிட்டால், புறக்கோட்டை கேபோஸ் ஒழுங்கை மருந்துக்கடையில் வாங்கி வைத்திருக்கும் நெருஞ்சில் முள்ளும் காய்ந்த தேங்காய்ப்பூக்கீரையும் அன்றே அடுப்படிக்கு வந்துவிடும். தமிழ்நாட்டில் சிறுபீளை எனப்படும் இக்கீரையை இங்கே பொல்பலா என்று கேட்டால்தான் கடைக்காரர் சட்டென்று எடுத்துத் தருவார். சிங்களத்தில் பொல் என்றால் தேங்காய், பலா என்றால் கீரை. இரண்டு மொழிக்காரரும் அதன் வெண்ணிறப் பூவில் தேங்காய்த் துருவலைத்தான் கண்டிருக்கிறார்கள்.

நெருஞ்சிலை அம்மா எட்டுக் கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாக வற்றும்வரை காய்ச்சுவார். பொல்பலாவை அப்படிக் குறுக்காமல் தேநீர்போல வெளிறக் கொதிக்கவைத்து, பனங்கட்டியுடன் நாள் முழுவதும் குடிக்கத் தருவார். இரண்டும் சிறுநீரைப் பெருக்குபவை. ஆயினும் எரிவு தணிவதில் பாதிப் பங்கு அந்தத் தண்ணீருக்கே உரியது என்பது என் எண்ணம். ஈ.கோலை பாக்டீரியாவால் வரும் தொற்று, குளிர்காய்ச்சலும் விலாப்புற நோவுமாகச் சிறுநீரகம்வரை ஏறிவிட்டால், கஷாயத்தை நம்பிக் காத்திருக்க முடியாது.

நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்திருந்த பெரியப்பாவுக்கு, உடம்பு குளிரட்டும் என்று நாங்கள் நாள்தோறும் செவ்விளநீரும் பொல்பலாவும் கொடுத்துவந்தோம். இரத்தப் பரிசோதனையில் பொற்றாசியம் கூடியிருப்பதைக் கண்ட வைத்தியர் இரண்டையும் அன்றே நிறுத்தச் சொன்னார். நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும் பொற்றாசியம், தளர்ந்த சிறுநீரகம் உள்ளவரின் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தோம். காமரங்கா எனப்படும் நட்சத்திரப் பழமும் அத்தகையோருக்கு ஆகாது. அதிலுள்ள நஞ்சு மூளையைத் தாக்கும், விடாத விக்கல் அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

மூலிகை என்பதால் கெடுதல் இராது என்று சொல்வோரிடம் நான் ஈஸ்வரமூலியைச் சுட்டுவதுண்டு. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்காக உட்கொண்ட மருந்தில் இதே அமிலமுள்ள சீன மூலிகை கலந்திருந்ததால் பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தார்கள்.

பொல்பலாப் போத்தல் இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. அயலவர் எவரேனும் ஒரு பிடி கேட்டு வந்தால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியற்றினின் பார்த்தீர்களா என்று விசாரித்த பிறகே அம்மா அதன் மூடியைத் திறக்கிறார்.