சேலையும் சப்பாத்தும்

பாடகி உஷா உதுப்பை கல்கத்தாக்காரி என்பார்கள், பம்பாய்க்காரி என்பார்கள், சென்னைக்காரர் எங்கள் பிள்ளை என்பார்கள். ரேடியோ சிலோனுக்கு (இலங்கை வானொலிக்கு) காது கொடுத்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஒன்பது வயதில் அவர் வானொலியில் முதலில் பாடியது ரேடியோ சிலோனின் ஓவல்டின் நிகழ்ச்சியில். வழி திறந்துவிட்டவர் வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி. அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளி வைத்திருந்த 1950களில், பம்பாயில் பதிந்த ஒலிநாடாக்கள் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து இந்தியா முழுவதற்கும் திரும்பிப் போயின.

1947 நவம்பரில் பம்பாயில் பிறந்தவர். சென்னையை வேராகக் கொண்ட தமிழ்க் குடும்பம், தகப்பன் பொலிஸ் அதிகாரி. மூத்த சகோதரிகளும் பாடகிகள். பள்ளிக்கூடத்தில் மட்டும், இந்தக் குரல் எங்கள் பாட்டுக் குழுவுக்குச் சரிவராது என்று சங்கீத வகுப்பிலிருந்து எழுப்பி விட்டார்கள். ஆசிரியையில் பெரிய பிழை சொல்ல ஏலாது. கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடக் கூடச் சுருதி உயரும். பெண்கள் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள். ஆண்கள் ஒன்று, ஒன்றரையில். உஷாவின் தொண்டை ஆண்களின் பக்கம் சாய்ந்தது. அத்தனை பிள்ளைகளும் ஐந்தரையில் பாட, ஒரு பிள்ளை மட்டும் அடியில் உருண்டால் குழு குழம்பத்தான் செய்யும்.

எங்கள் ஆண்டு விழாக்களிலும் இதே பிழை நடக்கிறது. கனத்த குரலுள்ள பிள்ளைக்குச் சினிமாப் பாட்டின் மூலச் சுருதியிலேயே கரோக்கேயைப் போட்டுவிடுகிறோம். பல்லவி தப்பிவிடும், அனுபல்லவியில் கழுத்து நரம்பு புடைக்கும். சுருதியை நான்கைந்து அரைச்சுரம், அதாவது நான்கைந்து படி, இறக்க வேண்டும். ஆனால் இறக்க இறக்க டிராக்கில் மத்தளமும் பேஸும் சேறாகும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆள் வைத்து வாசிப்பதுதான் வழி.

1969இல் சென்னை மவுண்ட் ரோட்டில், சஃபையர் தியேட்டர் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ என்ற நைட்கிளப்பில் சேலை உடுத்து மேடையேறினார். பிறகு பம்பாயில் ‘டாக் ஒஃப் த டவுன்’. அதன் பின் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் ‘டிரிங்காஸ்’. மொகாம்போ, ப்ளூ ஃபொக்ஸ், டிரிங்காஸ் என்று அடுத்தடுத்து இசைக் குழுக்கள் வாசித்த தெரு அது. பிற்காலத்தில் கணவரான ஜானி சாக்கோ உதுப்பைச் சந்தித்ததும் டிரிங்காஸில்தான்.

நைட்கிளப் வேலையைக் கச்சேரியோடு ஒப்பிட முடியாது. கச்சேரிக்கு வருபவர் பாட்டுக் கேட்க வருகிறார். கிளப்புக்கு வருபவர் சாப்பிட வருகிறார். ஏறக்குறைய முக்கால் மணி பாட்டு, கால் மணி ஓய்வு, மறுபடி மேடை என்று ஒரே இரவில் மூன்று நான்கு சுற்று. முதல் சுற்றில் முள்ளுக்கரண்டிச் சத்தத்துக்குக் கீழே நிற்கும் பாட்டு. தட்டுகள் எடுபட்ட பிறகுதான் ஆட்டப் பாட்டு. சா-சா-சா என்ற ஜோடி ஆட்டத்துக்கு நிமிடத்துக்கு 120 தாள அடி அளவு சுகம். ட்ரம்ஸ்காரர் உற்சாகத்தில் 135க்கு ஓட்டினால் ஆடுகிறவரின் கால் பின்னும், இரண்டு நிமிடத்தில் தளம் வெறிச்சோடும். பழி பாடகிக்கு!

நேயர் விருப்பம் மேசைக் கடதாசித் துண்டில் எழுதி வரும். ஒத்திகை பார்க்க நேரமில்லை. குழுவுக்குச் சுருதியை விரலால் காட்டுவது கிளப் வழக்கம்: ஒரு விரல் மேலே என்றால் ஐந்து கட்டை, இரண்டு மேலே இரண்டு கட்டை, ஒரு விரல் கீழே என்றால் நான்கு கட்டை (விரல் எண்ணும் கட்டை எண்ணும் ஒன்றல்ல). வேறு ஆள் பாடிய சுருதியில் குழு பழகியிருந்தால் கை தானாக அங்கேதான் போகும். முதல் வரிக்கு முன்னே விரலை உயர்த்தாத பாடகிக்கு அன்றைக்குக் கஷ்டகாலம்தான்.

மைக்கும் ஒரு வாத்தியம். கையில் பிடிக்கும் மைக்கை உதட்டோடு ஒட்டினால் அடிச்சுரம் ஊதிப் பெருக்கும். மெல்லிய குரலுக்கு அது சதை போடும். உஷாவினுடையது போன்ற குரலுக்கோ சொல்லே விளங்காமல் போகும். மூன்று விரல் தூரத்தில் பிடித்து, உரத்த இடத்தில் ஒரு சாண் விலக்க வேண்டும். ஒலிப்பலகையில் (மிக்ஸரில்) 200–300 ஹெர்ட்ஸ் என்ற கனத்த கீழ்ஒலிப் பகுதியைச் சற்றுக் குறைக்கச் சொல்ல வேண்டும். மைக்கின் தலையைக் கைக்குள் பொத்திப் பிடிப்பது இளைஞருக்கு ஸ்டைலாகத் தெரிகிறது. அந்தப் பிடியில் மைக் பின்பக்கச் சத்தத்தையும் உள்ளிழுத்துக் கூவத் தொடங்கும்.

சினிமா வாய்ப்பும் கிளப்பின் வழியாகத்தான் வந்தது. டெல்லி ஓபராய் ஹோட்டலில் பாடியபோது இந்தி நடிகர் தேவ் ஆனந்தின் கண்ணில் பட்டு, 1971இல் ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’வில் ஆர். டி. பர்மன் இசையில் பாடினார். 1981இல் ‘அர்மான்’ படத்தின் ‘ரம்பா ஹோ’, அடுத்த ஆண்டு ‘டிஸ்கோ டான்சர்’, இரண்டுக்கும் இசை பப்பி லஹிரி. தமிழுக்கு 1975இல் ‘மேல்நாட்டு மருமகள்’. 1990இல் ‘அஞ்சலி’யில் இளையராஜா கொடுத்த ‘வேகம் வேகம்’ இருக்கிறதே, அந்தப் பாட்டை மெல்லிய குரலில் நினைத்துப் பாருங்கள். ஓடாது. படப் பட்டியல் அவரது வயதுக்கு நீளமில்லை. அவர் சாப்பாடு மேடையில்தான் இருந்தது. பதினைந்துக்கு மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடப் பழகியதும் மேடைக்காகவே. முன்மேசையில் மலையாளி இருந்தால் மலையாளம், பஞ்சாபி இருந்தால் பஞ்சாபி.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளப் பாடகி என்றால் கவுன் என்றிருந்த காலத்தில் காஞ்சிபுரம், நெற்றியில் பெரிய பொட்டு, பொட்டில் கல்கத்தாவுக்காக வங்காள எழுத்து ‘க’. காலில் பட்டுத் துணி ஒட்டிய ஓட்டச் சப்பாத்து. வயர்கள் ஓடும் மேடையில் அது வெறும் அலங்காரமல்ல. குதி உயர்ந்த செருப்பு வயரில் தட்டும், தோல் அடிச் செருப்பு பலகையில் வழுக்கும். ரப்பர் அடி பிடித்து நிற்கும். சேலைக் கரை நிலத்தைத் தொடாமல் ஒரு அங்குலம் உயர்த்தி, கொசுவத்துக்கும் தோளுக்கும் ஊசி குத்திவிட்டால் ஆட்டத்துக்கும் தாங்கும்.

அதே கல்கத்தாவில், 1980களின் தொடக்கத்தில், இந்தப் பாட்டு பண்பாட்டுக் கேடு என்று சொன்ன ஒரு மாநில அமைச்சரால் அரசு மண்டபம் மறுக்கப்பட்டது. உஷா உயர்நீதிமன்றம் போய் வென்றார். 2011இல் பத்மஸ்ரீ, அதே ஆண்டு வந்த ‘7 கூன் மாஃப்’ படத்தின் ‘டார்லிங்’ பாட்டுக்கு ரேகா பரத்வாஜோடு ஃபிலிம்ஃபேர் விருது. 2024இல் பத்மபூஷண். அந்த வருடமே கணவர் ஜானியும் காலமானார். மேடை மட்டும் நிற்கவில்லை. இப்போதும் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்.