ஏடிஹெச்டியோடு மார்கழிக் கச்சேரி: சாதகக் குறிப்புகள்

நவம்பர் 17
"காலையில் ஒரு மணி நேரம் சாதகம்", அதாவது பாட்டுப் பயிற்சி, என்று எழுதி வைத்தால் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) உள்ள பாடகருக்கு நடக்காது. எதில் தொடங்குவது என்ற குழப்பத்திலேயே பொழுது கரைந்துவிடும். முந்தைய இரவே பாயை விரித்து, சுருதிப் பெட்டியை எடுத்து வைத்து, அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: "தோடி வர்ணம், பல்லவி, முதல் காலம்." எழுந்ததும் பொத்தானை அழுத்தினால் போதும். 20 நிமிடம் பாட்டு, 5 நிமிடம் நடை, மறுபடி 20. நடக்கும்போது கைபேசியைத் தொட்டால் இரண்டாவது இருபது வராது.

"மேடையில் பாடுகிறவருக்கு வீட்டில் மட்டும் என்ன சோம்பல்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சொல் மிகவும் புண்படுத்தும், தவறும்கூட. கவனம் இல்லாமல் இல்லை. வேண்டிய இடத்துக்கு அதைத் திருப்புவதுதான் கஷ்டம். மேடையில் சபையும் நேரக்கெடுவும் திருப்பிவிடுகின்றன.

நவம்பர் 22
ஒன்றரை இடத்தில் எடுப்புள்ள (தாளம் தொடங்கி ஒன்றரை எண்ணிக்கை கழித்துப் பாட்டு தொடங்கும்) ஆதி தாளப் பாட்டுக்குக் கோர்வை, அதாவது ஸ்வரத்தை முடித்துவைக்கும் கணக்கு. சமத்தில் (தாளத்தின் தொடக்கத்தில்) தொடங்கினால், எண்ணிக்கைக்கு 4 மாத்திரை வீதம் எட்டு எண்ணிக்கைக்கு 32 மாத்திரையோடு, ஒன்றரைக்கு 6 சேர்த்து 38 வேண்டும். 7, 6, 5 என்று குறைத்தால் 18. பிறகு மூன்று ஆறு, நடுவே ஒவ்வொரு மாத்திரையாக இரண்டு கார்வை (இடைநிறுத்தம்), 20. கணக்கு சரிதான். ஆனால் ராகப் பிடி, எண், தாளம் மூன்றையும் ஒரே சமயத்தில் நினைவில் தாங்கும்போது பெரும்பாலும் கார்வைதான் நழுவும், ஒரு மாத்திரை முன்னே வந்து விழும். முதலில் ஸ்வரம் இல்லாமல் தகதிமியாகச் சொல்லி, கை தானாகப் போடும்வரை பழகுங்கள். கார்வையில் மூச்சு எடுப்பது என்று வைத்துக்கொண்டால் விடுபடாது. மேடைக்கு இரண்டு கோர்வை போதும்.

நவம்பர் 29
ஆலாபனை பிடித்துப்போனால் 12 நிமிடம் 25 ஆகிவிடும். பாடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. பாட்டுச் சீட்டில் எத்தனை நிமிடம் என்று எழுதாமல் கடிகார நேரத்தையே எழுதுங்கள். கழித்துப் பார்க்கும் வேலை மேடையில் ஆகாது. 6:30 முதல் 8 வரை என்றால்: "7:05 பிரதானம், 7:35 தனி, 7:50 துக்கடா" (முக்கியப் பாட்டு, மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம், கடைசிச் சிறு பாட்டுகள்). மிருதங்கக் கலைஞரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

டிசம்பர் 4
ஏடிஹெச்டிக்கான மெத்தில்ஃபெனிடேட் மருந்தை எடுப்பவர்கள் கச்சேரி நேரங்களை இப்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குறுகிய நேர மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் நிற்கும். காலையில் எடுத்த மாத்திரை மாலைக் கச்சேரிக்கு உதவாது. மாலையில் எடுத்தால் தூக்கம் கெடலாம். மாத்திரை எடுக்கும் நேரத்தைத் தாமாக மாற்றக் கூடாது. வாய் உலர்வது பாடகருக்குப் பெரிய தொந்தரவு: ஒவ்வொரு பாட்டு முடிவிலும் இரண்டு மிடறு வெந்நீர். பசி மங்குவதால் மதியச் சாப்பாடு விட்டுப்போய், மாலையில் மேல் ஸ்தாயியில் மூச்சு நிற்காது. மாத்திரைக்கு முன்பே காலை ஆகாரம், 1 மணிக்கு அலாரம் வைத்துத் தயிர்சாதமாவது. கூடவே காபியும் ஏறினால் படபடப்பு.

டிசம்பர் 11
சாகித்யத்தை (பாட்டின் வரிகளை) முழுப் பக்கமாக வைத்தால் கண் வரியைத் தேடி அலையும். ஒவ்வொரு வரியின் முதல் சொல் மட்டும், பெரிய எழுத்தில். சரணத்தின் இரண்டாம் வரிக்குச் சிவப்பு மை. மறதி வருவது பெரும்பாலும் அங்கேதான்.

டிசம்பர் 15
வாசற்கதவின் உட்புறம், கண் மட்டத்தில் ஒரு பட்டியல் ஒட்டுங்கள்: சுருதிப் பெட்டி, சார்ஜர், பாட்டுச் சீட்டு, ஃபிளாஸ்க், மாத்திரை. செருப்பு போட்ட பிறகு வாய்விட்டுப் படித்து, ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள்.