கண்ணாடி மீனின் வாலில் முளைத்த ஜவ்வரிசி

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கிய 4 கண்ணாடி மீன்கள் அவை. உடம்பு பளிங்கு போல ஊடுருவித் தெரியும். முதுகோரத்தில் மட்டும் ரோஜா நிறக் கோடு. அந்தக் கோட்டுக்காகத்தான் மகள் பிடிவாதம் பிடித்தாள். பிறவி நிறம் என்றே நானும் நம்பினேன்.

மூன்றாவது வாரம் ஒன்றின் வாலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. படம் எடுத்துக் கடையில் காட்டினேன். "வெள்ளைப் புள்ளி நோய்தான் அக்கா, மூன்று நாளில் போய்விடும்" என்று நீல மருந்து கொடுத்தார்கள். ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றி, சொட்டு எண்ணி மருந்து விட்டேன். தண்ணீர் நீலமானது, தொட்டி ஓரத்துச் சிலிக்கான் பசைகூட நீலமானது. வாலில் இருந்ததோ பத்து நாளில் மிளகளவு வளர்ந்துவிட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அன்றிரவு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி என்றால் ரவையைத் தூவியது போல உடம்பெங்கும் தனித்தனியாக இருக்கும். மீன் கல்லில் உடம்பை உரசும். இதுவோ ஒரே இடத்தில், வெந்த ஜவ்வரிசி ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டது போல இருந்தது. மீன் உரசவில்லை, துடுப்பை மடக்கவில்லை, நன்றாகச் சாப்பிட்டது.

மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. நாய், பூனை, கோழி வரை பார்ப்பவர்கள் மீன் என்றதும் கையை விரித்தார்கள். கடைசியில் ஒரு மருத்துவர் கொண்டுவரச் சொன்னார். பையில் கால் பங்கு தண்ணீர், மீதி காற்று. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கட்டியின் ஓரத்தில் துளி சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். தடித்த ஓரத்துடன் பெரிய பெரிய உருண்டைகள்.

"ஒவ்வோர் உருண்டையும் ஒரே ஒரு செல். வைரஸ் புகுந்ததால் வீங்கியிருக்கிறது" என்றார். லிம்போசிஸ்டிஸ் என்று பெயராம். இதற்கு மருந்து கிடையாது. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தும் இல்லை. உடம்பு தேறினால் தானே உதிரும். பிளேடால் நறுக்கிவிடலாமா என்று கேட்டேன். கண்டிப்பாகக் கூடாது என்றார்: புண் வழியே பாக்டீரியாவும் பூஞ்சையும் புகும், உடைந்த செல்களிலிருந்து வைரஸும் தண்ணீரில் பரவும்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது. "இந்த நிறம் எப்படி வந்தது என்று தெரியுமா?" ஊசியால் தோலுக்கடியில் ஏற்றிய சாயம். பெருவிரல் நீளம்கூட இல்லாத உயிரை, பல இடங்களில் குத்தி, அதே ஊசியால் அடுத்த மீனையும் குத்துகிறார்கள். சாயம் ஏற்றிய கண்ணாடி மீன்களிடம் இந்த நோய் அதிகம் காணப்படுகிறதாம். இந்தியாவின் ஆறுகளிலும் குளங்களிலும் இயல்பாகவே பளிங்காக வாழும் மீனுக்கு இந்தக் கொடுமை எதற்கு? அந்தக் கோட்டுக்குப் பணம் கொடுத்தவள் நான் என்பது இன்றும் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து 20 லிட்டர் தொட்டியில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு மீனைப் பிரித்து வைத்தேன். கூட்டமாக வாழும் மீன் தனியே மிரளும் என்பதால், முதுகுத் துடுப்பில் அதே போன்ற ஒரே ஒரு வெள்ளை மணி தெரிந்த இன்னொன்றையும் துணைக்கு விட்டேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினேன்; குளோரின் நீக்காமல் ஒரு குவளைகூட ஊற்றவில்லை. உலர்ந்த தீனியை அவை திரும்பிப் பார்க்காது. ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறாலும் உறையவைத்த இரத்தப் புழுவும் கொடுத்தேன். வலையைக்கூட இரு தொட்டிகளுக்கும் பொதுவாக வைக்கவில்லை. மருந்து எதுவும் விடாமல் சும்மா காத்திருந்ததுதான் பெரும்பாடு.

ஆறாவது வாரம்வரை ஒரு மாற்றமும் இல்லை. ஒன்பதாவது வாரம் ஒரு காலையில் பாதிக் கட்டியைக் காணவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் முழுவதும் உதிர்ந்து, கடித்தெடுத்தது போல வாலில் ஒரு பள்ளம் மட்டும் மிஞ்சியது. துணை மீனின் மணி அதற்கு முன்பே மறைந்திருந்தது.

ரோஜாக் கோடும் மெல்ல வெளுத்துப் போனது. இப்போது விளக்கைப் போட்டால் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் தெரிகிறது. வெள்ளிப் பை போன்ற குடலுக்குப் பின்னால் காற்றுப் பை மின்னுகிறது. மகள் தினமும் தொட்டியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அந்தக் கணுக்களை எண்ணுகிறாள்.