மின்வெட்டுக்கு முன்னறிவிப்பு: அதிர்வெண் சொன்னதும் மின்னழுத்தம் சொன்னதும்

வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை அலை என்பதை, நொடிக்கு நொடி அளந்தால் மின்வெட்டு வருவதை முன்பே அறிய முடியுமா என்று பார்க்க ஆசை. கருவி எளியதுதான்: 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர், ஒவ்வோர் அலையையும் ஒளி வழியாக ஒரு துடிப்பாகக் கடத்தும் ஓர் ஆப்டோகப்ளர், அந்தத் துடிப்புகளை எண்ணும் சிறு கணினியான ஓர் இஎஸ்பி32 பலகை. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் 230 வோல்ட்டை நேரடியாக இழுக்கும் சுற்றுகளும் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

50 ஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு 20 மில்லி விநாடி. 0.01 ஹெர்ட்ஸ் மாறினால் அதில் 4 மைக்ரோ விநாடிதான் வித்தியாசம். அதனால் 50 அலைகளைச் சேர்த்து அளக்கிறேன். மிக்சி ஓடும்போது பொய்த் துடிப்புகள் நுழைந்தன; ஒரு மின்தேக்கி வைத்ததும் அடங்கின.

திரையில் கோடு ஓடத் தொடங்கியதும் எழுந்துபோக மனம் வரவில்லை. தேவை கூடினால் நாடெங்கும் உள்ள ஜெனரேட்டர்கள் ஒருசேரச் சற்று வேகம் குறைகின்றன; குறைந்தால் வேகம் பிடிக்கின்றன. அந்த வேகத்தோடு அதிர்வெண்ணும் இறங்கி ஏறுகிறது. அது அப்படியே என் மேசையில் தெரிகிறது. எந்த மின்நிலையம் எவ்வளவு தர வேண்டும் என்ற ஒதுக்கீடு 15 நிமிடக் கணக்கில் நடப்பதால், கால் மணி எல்லைகளில் கோடு சட்டென எகிறுவதையும் சரிவதையும் பார்க்கலாம்.

ஆனால் எங்கள் தெருவில் மின்சாரம் போன நேரங்களைப் பதிவுடன் ஒப்பிட்டால், அதிர்வெண்ணில் எந்த அறிகுறியும் இல்லை. அனுமதிக்கப்பட்ட 49.90–50.05 ஹெர்ட்ஸ் வரம்புக்குள் நிம்மதியாக இருக்கும்போதே போயிருக்கிறது. யோசித்தால் காரணம் தெளிவு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னக மின்தொகுப்பு மற்றப் பகுதிகளுடன் இணைந்தது. அன்றிலிருந்து காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே அதிர்வெண். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடே விளக்கணைத்தபோது தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. அப்போதும் அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையில்தான் நின்றது. அத்தனை பெரிய தொகுப்புக்கு எங்கள் தெருமுனை ஃபியூஸ் ஒரு பொருட்டே அல்ல.

இலங்கை போன்ற தனித்த சிறு தொகுப்பில் கதை வேறு. 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு தீவு முழுவதையும் இருளாக்கியது. அப்படிப்பட்ட இடத்தில்கூட இந்தக் கருவி தரக்கூடிய அவகாசம் சில நொடிகள்தான் என்பது என் கணிப்பு.

ஆகவே மின்னழுத்தத்தையும் அளக்கும் உணரி ஒன்றைச் சேர்த்தேன். இங்கேதான் எனக்கு வேண்டியது கிடைத்தது. கோடை இரவில் ஏசிகள் ஓடத் தொடங்கியதும் 230 வோல்ட் மெல்ல இறங்கி 200க்குக் கீழே போகிறது. அப்படி நீடிக்கும் இரவுகளில்தான் டிரான்ஸ்பார்மர் ஃபியூஸ் போகிறது. மரக்கிளை விழுந்து போவதை இதுவும் சொல்லாது. இப்போது 195க்குக் கீழே பத்து நிமிடம் நின்றால் மணி ஒலிக்கும்படி வைத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொள்ள அது போதும். அடுத்து, வேறு ஃபேஸில் இணைப்புள்ள பக்கத்து வீடுகளிலும் ஒவ்வோர் உணரி வைத்து, எந்த ஃபேஸ் முதலில் தொய்கிறது என்று பார்க்கப்போகிறேன்.