தம்பியின் வேலையும் ஒரு சாதிச் சான்றிதழும்

சித்தப்பா மகன் குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்துவிட்டான். ஏற்காட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் எந்த கோச்சிங் சென்டர் என்று கேட்கிறார்கள். அதை அப்புறம் சொல்கிறேன். எங்களை அலைய வைத்தது பரீட்சை இல்லை, சாதிச் சான்றிதழ்.

நாங்கள் சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடிகள். பழங்குடிச் சான்றிதழில் தாசில்தார் கையெழுத்து செல்லாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். இ-சேவையில் விண்ணப்பம் போட்டால் விஏஓ, வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ), தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாகக் கடந்துதான் அவரிடம் போகும்.

தம்பியின் டிசியில் 'இந்து கவுண்டர்' என்று இருந்தது. எங்கள் ஆட்கள் பேருக்குப் பின்னால் கவுண்டர் போட்டுக்கொள்வது தாத்தா காலத்துப் பழக்கம். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் கேட்டிருக்கிறார், சித்தப்பாவும் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். ஆனால் மலைக்குக் கீழே கவுண்டர் என்றால் வேறு சாதி, வேறு பட்டியல். "கவுண்டருக்கு எதுக்குய்யா எஸ்டி?" என்று ஒரு மேசையில் கேட்டார்கள். விண்ணப்பம் அங்கேயே படுத்துக்கொண்டது.

அதை எழுப்பியது ரத்த உறவுகளின் சான்றிதழ்கள்தான். என்னுடையது, அத்தையுடையது, எல்லாருக்கும் என்ன உறவு என்று காட்டும் வம்சாவளி. மூன்றையும் சேர்த்து மறுபடி மனு கொடுத்தோம். அப்புறம் நேரில் விசாரணை. குலதெய்வம் எது, கல்யாணம் எப்படி நடக்கும், சாவுக்கு என்ன சடங்கு என்று கேட்டார்கள். எஸ்டேட் மேஸ்திரி முன்னால் வாயே திறக்காத சித்தப்பா, மே மாதத்து சேர்வராயன் கோயில் திருவிழாவைப் பற்றிப் பேச ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. கேட்டவரே போதும் என்று கையைக் காட்டினார்.

சான்றிதழ் வந்தபின் மற்றதெல்லாம் சுலபம் என்று சொல்லமாட்டேன், ஆனால் வழி தெரிந்தது. சேலம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் வகுப்பு இலவசம். தேர்வுக் கட்டணமும் எங்களுக்குக் கிடையாது. காசு போனது சேலத்தில் தங்கவும் சாப்பிடவும்தான். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் அவன் மலையேறிக் கூலிக்குப் போய்விட்டு வந்தான். பரீட்சைக்கு மொத்தம் 300 மதிப்பெண், அதில் பாதி தமிழுக்கு. தமிழில் 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் முதலில் தமிழைப் பிடி என்றேன், பிடித்தான்.

மாநில அரசு வேலையில் பழங்குடியினருக்கு ஒதுக்கீடு 1 சதவீதம். அந்த ஒன்றுக்குள் போட்டிக்கு நிற்கவே இத்தனை காகிதம்!

வேலையில் சேர்ந்த பிறகும் சான்றிதழ் உண்மையா என்று மாநிலக் கூர்நோக்குக் குழு சரிபார்க்கும். எனவே ஒரு நகலையும் தூக்கிப் போடாதீர்கள். தம்பியின் தங்கைக்கு இப்போது விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அவள் டிசியிலும் அதே கவுண்டர்தான். இந்த முறை அண்ணன் சான்றிதழை முதல் பக்கத்திலேயே வைத்துவிட்டோம்.