கடையில பேர் இருக்கா?

முக்கூடல் பக்கம் ஒரு பீடிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுத் திண்ணையில் சுற்றிய பீடியைச் சாயங்காலம் பெண்கள் தட்டோடு கொண்டுவருவார்கள். கட்டுக் கட்டாகப் பார்த்து, தளர்ந்ததைக் கழித்து, பாஸ்புக்கில் வரவு வைத்து, மறுநாளைக்கு இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்போம். இந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு ஊர்க் கல்யாணங்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பெண் பார்க்கப் போகுமுன் மாப்பிள்ளை வீட்டார் இங்கேதான் வருவார்கள். "அண்ணாச்சி, பிள்ள நாளைக்கு ஆயிரம் சுத்துமா? கடையில பேர் இருக்கா?" கடைப் பதிவேட்டில் பேர் இருந்தால் பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி உண்டு. பீடித் தொழிலுக்கு அது 1977-இல் வந்தது. ஏழு வருஷம் கட்டியிருந்தால், தன் பங்கில் பாதியைக் கல்யாணத்துக்கு எடுக்கலாம் என்று விதி இருந்தது. அப்படி எத்தனையோ படிவங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். தன் கல்யாணச் செலவைத் தானே சுற்றிச் சேர்த்த பிள்ளைகள் அவர்கள். மாப்பிள்ளை யாரென்பதில் மட்டும் அவர்களுக்குச் சொல் கிடையாது.

பையன்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை. விரல் வேகமாக ஓடும் பெண்ணைத் தாய்மார் புகழக் கேட்டே வளர்ந்தவர்கள். அப்படி ஒருத்தியைப் பார்த்ததும் "பிடிச்சிருக்கு" என்கிறார்கள். அது பொய்ப் பிரியம் இல்லை. எது பிடிக்க வேண்டும் என்று வீடு முன்னாலேயே பழக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு பிள்ளையை மறக்க முடியவில்லை. கலகலவென்று பேசுகிறவள். இலை மூட்டை இறக்க வரும் பையன் கடைக்குள் இருந்தால் மட்டும் வாசலிலேயே நின்றுவிடுவாள். தட்டைத் தோழியிடம் கொடுத்தனுப்புவாள். அவனும் தலை நிமிரமாட்டான். அவர்கள் பேசிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. ஊருக்குப் பயந்து ஒதுங்கிய அந்த ஒதுக்கத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அவளுக்கு வேறு இடத்தில் பேசி முடித்த வாரம், அவள் பீடி எல்லாம் நூல் தளர்ந்து வந்தது. பீடியைச் சரிபார்க்கிறவர் கழிக்கக் கை வைத்தார். வேண்டாம் என்று வாங்கி வரவு வைத்தேன்.

பையன் வேறு சாதி. வேறு காரணம் எதுவும் இல்லை.

இத்தனைக்கும் இங்கே கட்டுப்பாடுகள் மாறாமல் இல்லை. வயசுக்கு வந்த பிள்ளை தெருவில் இறங்கக்கூடாது என்ற வீடுகளே, கூலி வருகிறது என்றதும் கடைக்கு அனுப்பின. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அரசு உதவித்தொகை வந்ததும், படிப்பு எதற்கு என்றவர்கள் பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். இப்போது மாப்பிள்ளை வீட்டார் கேட்பது, "பிள்ள எங்க வேலை பாக்கு?" லாபம் இருக்கும் இடத்தில் ஊர் வழக்கம் வளைந்து கொடுக்கிறது. சாதியில் மட்டும் ஏன் வளையவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. வயது வந்த இருவர் இணைய வீட்டாரோ ஊராரோ சம்மதிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் அதே பாளையங்கோட்டையில், சாதி கடந்த காதலுக்காக ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். மறுநாள் கடையில் பெண்கள் வாய் திறக்கவில்லை. ஒரு அம்மா மட்டும் மகளின் செல்போனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டதைப் பார்த்தேன். கொன்றவன் ஒருவன் என்றால், பயந்து அடங்கிப்போகிறவர்கள் ஆயிரம் பேர்.

இப்போது கல்யாணத்துக்குப் பணம் எடுக்க யார் வந்தாலும், "பிள்ளைட்ட கேட்டியளா?" என்று கேட்கிறேன். "அவ என்ன சொல்லப் போறா" என்பவர்கள்தான் அதிகம். போன மாதம் ஒரு தகப்பனார் பதில் சொல்லாமல் நின்றார். அப்புறம், "கேட்டுட்டு வாரேன்" என்று ஆதார் நகலைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். இன்னும் வரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.