சீட்டில் அரை மாத்திரை என்று இருந்தால்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் மெடிக்கல் கடைகளில் இதய மாத்திரை வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "இதைப் பாதியா உடைச்சுப் போட்டுக்கலாமா?" டாக்டரே அரை மாத்திரை என்று எழுதியிருப்பார். அல்லது 25 மி.கி. இல்லாமல் 50 கைக்கு வந்திருக்கும். பதில் மாத்திரைக்கு மாத்திரை மாறும். நடுவில் கோடு இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு முன்பே பார்க்க வேண்டியது, மருந்து எந்த இடத்தில், எவ்வளவு வேகத்தில் கரைய வேண்டும் என்பதை.

ஆஸ்பிரின் 75, 150 மாத்திரைகளில் பெரும்பாலானவற்றின் பூச்சு இரைப்பையில் கரையாது, குடலுக்குப் போன பிறகே கரையும். வெட்டினால் அந்தக் காப்பு போய்விடும். நாள்பட வயிற்றெரிச்சல், புண். 150-ஐப் பாதியாக்காமல் 75 கேட்டு வாங்குங்கள், விலை வித்தியாசம் சொற்பம். மாரடைப்பு என்று சந்தேகம் வரும்போது ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்களே என்றால், அங்கே மருந்து உடனே ரத்தத்தில் சேர வேண்டும். தினசரி மாத்திரைக்கு அந்த அவசரம் கிடையாது.

பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்எல், ஈஆர், ரிடார்ட் என்று இருந்தால் மருந்து மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற வேண்டும் என்று பொருள். நிஃபெடிபின் ரிடார்டை உடைத்தால் நாள் முழுக்கப் பரவ வேண்டியது சீக்கிரமே இறங்கிவிடும். பிரஷர் சட்டென்று விழும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ள இது ஒன்றே போதும். டில்டியாசெம் எஸ்ஆரும் இப்படித்தான், உடைக்கவே கூடாது.

மெட்டோப்ரோலால் எக்ஸ்எல் மட்டும் கொஞ்சம் விலக்கு. சில தயாரிப்புகளில் மாத்திரைக்குள் நுண்ணிய உருண்டைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூச்சு. கோட்டில் இரண்டாக்கினாலும் அவை சிதையாது. ஆனால் மெல்லக் கூடாது, நசுக்கக் கூடாது. கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் பழைய பழக்கத்தில் உடைக்காமல், கோடு இருக்கிறதா என்று பார்த்து, மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபுரோசிமைடு 40, அட்டெனலால் 50, சாதா மெட்டோப்ரோலால், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றை டாக்டர் அரை என்று எழுதியிருந்தால் தாராளமாக உடைக்கலாம். அம்லோடிபின் உடம்பில் நெடுநேரம் தங்குவதால், ஒரு பாதி சற்றுப் பெரிதானாலும் அடுத்த நாள் சரியாகிவிடும்.

டிகாக்ஸினுக்கு அந்தச் சலுகை இல்லை. தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. கிட்னி பலவீனமானவர்களுக்குச் சின்ன வித்தியாசமே வாந்தியிலும் நாடித்துடிப்புக் கோளாறிலும் கொண்டுபோய் விடும். வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், அசெனோகூமரால் மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். உடைக்கலாம், ஆனால் 1 மி.கி., 2 மி.கி. என்று தனி அட்டைகள் கிடைக்கும்போது உடைப்பானேன்? ஒரு நாள் 2, மறுநாள் 3 என்று டாக்டரே மாற்றி எழுதித் தருவார். அளவு மாறினால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். இதே வேலைக்குக் கொடுக்கும் டாபிகாட்ரான் கேப்ஸ்யூலைத் திறந்து கொட்டவே கூடாது; ஓடு இல்லாமல் போனால் ரத்தத்தில் சேரும் மருந்து கூடி, ரத்தக்கசிவு வரும் ஆபத்தும் கூடும்.

அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. 50-ஐப் பாதியாக்கிச் சாப்பிட்டு வந்தவருக்கு அடுத்த மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மக்களைத் தேடி மருத்துவத்திலோ 25 வரும். கை பழக்கத்தில் அதையும் உடைக்கும். மருந்து பாதியாகி, பிரஷர் ஏறும். புது அட்டை வந்ததும் மி.கி. எண்ணைப் பழைய அட்டையோடு ஒப்பிட்டு, 'முழுசு' அல்லது 'அரை' என்று பேனாவால் எழுதி வையுங்கள்.

அரிவாள்மனையும் பிளேடும் வேண்டாம். மெடிக்கலில் மாத்திரை கட்டர் கிடைக்கும். கோடு பிளேடுக்கு நேர் கீழே வரும்படி வைத்து, மூடியை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால் நொறுங்கும். மாத்திரை மூன்று துண்டாக ஆரம்பித்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். துகளைத் துடைத்துவிட்டே அடுத்த மருந்தை வையுங்கள். கை நடுங்குகிறவர்களுக்கு வீட்டில் வேறு யாராவது உடைத்துக் கொடுங்கள்.

மொத்த அட்டையையும் ஒரே நாளில் உடைத்து வைப்பது கூடாது, அதுவும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். அன்றைக்கு ஒன்றை உடைத்து, மீதிப் பாதியை ஈரம் புகாத சின்ன டப்பியில் போட்டு அடுத்த வேளைக்கே எடுத்துவிடுங்கள். டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும். அட்டையிலிருந்து எடுத்தவுடன் சாப்பிட வேண்டியது, 40-இல் அரை வேண்டுமானால் 20 மி.கி. வாங்குவதே நல்லது. ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் மருந்து சிதைந்துவிட்டது, தூக்கிப்போட்டுவிடுங்கள்.